மார்ச் பத்தா, அக்டோபர் மூன்றா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்சிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு ஞாபகம் ரொம்பக் குழம்புது. காலையில சொன்னது சாயங்காலம் இல்லை. ஆனா பழசு பேசறார். அதுவும் முன்னே பின்னே ஆகுது. அவர் வாழ்க்கையில நடந்ததை வருஷ வரிசையா எழுதி, படத்தோட கையில குடுத்தா நல்லதுன்னு சொல்றாங்க. இங்க வந்த பிறகு நடந்தது எனக்குத் தெரியும். பாண்டிச்சேரில இருந்த காலம் உங்களுக்குத்தான் தெரியும். எழுதிக் குடுங்க. அதுக்குன்னே சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு."

அண்ணனுக்கு இப்போது 82. எனக்கு 74. முப்பத்தொன்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகத் தொடங்கிக் கண்காணிப்பாளராக முடித்தவனுக்கு, தேதி வரிசையில் ஒரு கோப்பு தயாரிப்பது பெரிய காரியமா என்று நினைத்து, சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலர் இப்போது இந்த வேலையில் இறங்குகிறார்கள் என்று கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலக்கோடு என்பது எனக்குப் புதிதல்ல. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். வகுப்புச் சுவரில் கரும்பலகைக்கு மேலே நீளமாக ஒரு காகிதப் பட்டை ஓடும். 'ஃப்ரீஸ்' என்பார்கள். 732 புவாத்தியே, 800 ஷார்லமாஞ், 1515 மரிஞான், 1789 பஸ்தீய். வாத்தியார் பிரம்பு நுனியால் தொடுவார், நாங்கள் கத்துவோம். மரிஞான் எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1515 வந்துவிடும். அந்தப் பட்டையில் எங்கள் ஊர் கிடையாது. பாகூர் கிடையாது, ஆனந்தரங்கப் பிள்ளை கிடையாது.

பிள்ளையைச் சும்மா சொல்லவில்லை. 1736 முதல் 1761 வரை கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய மனிதர். தமிழ் வருஷத்தையும் மாதத்தையும் போடுவார், வெள்ளைக்காரன் தேதியையும் சேர்த்துப் போடுவார். இரண்டு காலத்தில் ஒரே நேரத்தில் வாழ்ந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். இது பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

முதலில் பேரன் ஒரு இணையதளத்தைக் காட்டிக் கொடுத்தான். பெயர் வேண்டாம். வண்ண வண்ணமாக இருக்கும், படத்தை இழுத்துப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். முதல் ஐம்பது வரி இலவசம், அதற்கு மேல் மாதச் சந்தா. நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நாற்பது வரி தட்டினேன். எங்கள் வழக்கப்படி தேதி முதலில், மாதம் பிறகு. பிரெஞ்சுக்காரன் பழக்கமும் அதுதான், நம் அலுவலகப் பழக்கமும் அதுதான். முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். அழகாக ஒரு கோடு வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

எங்கள் அப்பா இறந்தது 1975 மார்ச் 10. அண்ணன் பிரான்சிலிருந்து ஊர் வந்து சேர்ந்தது அதே வருஷம் ஜூன் 8. மூன்று மாதம் கழித்து. தந்தி பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து அவர் பட்டாளம் ஜெர்மனியில் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

நான் போட்டது 10/03/1975. 08/06/1975. இணையதளம் அமெரிக்க வழக்கம். மாதத்தை முதலில் படித்துவிட்டது. ஆக, அண்ணன் வந்தது ஆகஸ்ட் 6, அப்பா இறந்தது அக்டோபர் 3. இயந்திரக் கணக்குப்படி அண்ணன் வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அப்பா போயிருக்கிறார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஏனென்றால் அண்ணனும் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்: "அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வெச்சேன். மூத்தவன் நான்தானே வெக்கணும்."

கொள்ளி வைத்தது நான். எனக்கு அப்போது 23 வயது.

அந்த இணையதளத்தை மூடிவிட்டேன். இனி இந்த வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: எந்த மென்பொருளாக இருந்தாலும், முதலில் 10/03 என்று ஒரு தேதியைப் போட்டு, அது மார்ச் என்கிறதா அக்டோபர் என்கிறதா என்று பாருங்கள். நாற்பது வரி தட்டிய பிறகு பார்க்காதீர்கள். எங்கள் எத்தா சிவில் பதிவேடுகளை எழுதிய அந்தக் கால பிரெஞ்சு குமாஸ்தாக்கள் பிறப்பு, இறப்புத் தேதியை எண்ணில் எழுதவே மாட்டார்கள். வருஷம், மாதம், நாள், மணி எல்லாம் எழுத்தில். அப்போது அது வேலையற்ற வேலை என்று நினைத்தேன். இப்போது அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அடுத்தது எக்செல். எல்லோர் வீட்டிலும் இருப்பது. நானும் ஓய்வு பெறுவதற்கு முன் பத்து வருஷம் அதில்தான் சம்பளப் பட்டியல் போட்டேன். அதில் ஒரு வினோதம் உண்டு. அதன் நாட்காட்டி 1900 ஜனவரி 1-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் உலகம் இல்லை. எங்கள் தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர், அதாவது 1876. அந்தத் தேதியைப் போட்டால் அது தேதி என்றே அதற்குத் தெரியாது, ஏதோ எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் எண்கள் முதலில், எழுத்துகள் கடைசியில். தாத்தா என் பேரனுக்கும் கீழே போய் நின்றார். சம்பளப் பட்டியலில் இந்தக் குறை தெரிய வாய்ப்பே இல்லை. 1876-ல் பிறந்தவருக்கு யார் சம்பளம் போடப்போகிறார்கள்?

மூன்றாவதாகப் பார்த்தது கிராம்ப்ஸ். காசு கிடையாது. வம்சாவளி ஆராய்ச்சி செய்கிறவர்கள் பயன்படுத்துவது. பிரெஞ்சிலும் கிடைக்கிறது. அதைத் திறந்தபோது எனக்குப் பழைய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தேதி போடும் இடத்தில் நாட்காட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். யூத நாட்காட்டி, இஸ்லாமிய நாட்காட்டி, பாரசீக நாட்காட்டி எல்லாம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியும் இருக்கிறது! ப்ருமேர், தெர்மிதோர் என்று நாங்கள் உருப்போட்ட அதே மாதங்கள். மொத்தமே பன்னிரண்டு வருஷமும் சொச்சமும் புழக்கத்தில் இருந்து, நெப்போலியனே வேண்டாம் என்று தூக்கிப்போட்ட நாட்காட்டி அது. அதற்கு இடம் உண்டு. தமிழ் வருஷம் அறுபதுக்கு இடமில்லை. என் அம்மா சொன்ன எல்லாத் தேதியும் அந்த அறுபதில்தான் இருக்கிறது. நான் பிறந்தது கர வருஷம் ஆடி. அப்பா போனது ஆனந்த வருஷம் மாசி. வருஷத்தின் பேரைப் பாருங்கள். அம்மாவே அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

ஆனால் கிராம்ப்ஸில் நான் மெச்சிய விஷயம் ஒன்று உண்டு. தேதிக்கு முன்னால் 'சுமாராக', 'அதற்கு முன்', 'அதற்குப் பின்', 'இதற்கும் இதற்கும் இடையே' என்று போடலாம். எங்கிருந்து தெரிந்தது என்று ஆதாரத்தையும் பதியலாம், அந்த ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று தரமும் போடலாம். ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு ஏன் விட்டேன் என்றால், அது வம்சத்துக்கான மென்பொருள். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. அண்ணனும் நானும் சைக்கிளில் அரிக்கன்மேட்டுக்குப் போய் மணி பொறுக்கிய கதையை அதில் நுழைப்பது, ரேஷன் அட்டையில் கவிதை எழுதுகிற மாதிரி.

பணம் கொடுத்து வாங்குகிற ஒன்றையும் சில நாள் பார்த்தேன், அயான் டைம்லைன். நாவல் எழுதுகிறவர்களுக்காகச் செய்தது. ஒவ்வொரு சம்பவத்தின்போதும் யாருக்கு என்ன வயது என்று தானே கணக்குப் போட்டுச் சொல்கிறது. கற்பனை உலகங்களுக்கு நாமே நாட்காட்டி உருவாக்கிக்கொள்ளலாமாம். தமிழ் வருஷத்தை அதில் செய்திருக்கலாமோ என்னவோ. ஆனால் நம் பஞ்சாங்கத்தைக் கற்பனை உலகக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. சரியான காரணம் இல்லைதான்.

டைம்லைன் ஜேஎஸ் என்று ஒன்று. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்து இலவசமாக விட்டிருப்பது. கூகுள் அட்டவணையில் தட்டினால் அது அழகான காலக்கோடாக மாறிவிடும். இதில் வருஷம், மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி. மாதம் தெரியாவிட்டால் காலியாக விடலாம், வருஷம் மட்டும் போதும். இந்த ஒரு யோசனைக்காகவே அதைச் செய்தவர்களைப் பாராட்டுகிறேன். மார்ச், அக்டோபர் தகராறே வராது. குறை இரண்டு. இருபது சம்பவத்துக்கு மேல் போகாதீர்கள் என்று அவர்களே அறிவுரை சொல்கிறார்கள். 82 வருஷத்துக்கு இருபது என்றால் எதை விடுவது? இரண்டாவது, அட்டவணையை இணையத்தில் வெளியிட்டால்தான் வேலை செய்யும். முகவரி தெரிந்த யாரும் பார்க்கலாம். யார் யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, எந்தக் கல்யாணம் எதனால் நின்றது என்பதெல்லாம் உள்ள பட்டியல் இது. வேண்டாம்.

இன்னொரு பயமும் உண்டு. ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. பிக்காசாவை 2016-ல் நிறுத்தினார்கள். பெரிய கடைகளே அப்படி என்றால், மாதச் சந்தா வாங்கும் சின்னக் கடைகளை நம்பி ஒரு ஆயுளை எப்படி அடகு வைப்பது? என் கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: கடை மூடினால் என் சரக்கு என் கைக்கு வருமா? அதற்குத் தெளிவான பதில் இல்லாத எதையும் தொடாதீர்கள். நம் வயதில் இரண்டாம் முறை தட்ட நேரமில்லை.

கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், லிப்ரே ஆபீசில் உள்ள சாதாரண அட்டவணை. இலவசம். 1900-க்கு முந்தைய தேதியையும் புரிந்துகொள்கிறது. இருந்தாலும் நான் வருஷம், மாதம், நாள் என்று மூன்று பத்தியாகவே பிரித்துவிட்டேன். நான்காவது பத்தி தமிழ் வருஷம். ஐந்தாவது இடம், ஆறாவது என்ன நடந்தது. ஏழாவது பத்திதான் முக்கியம். அதன் தலைப்பு: 'எப்படித் தெரியும்?' அதில் ஓர் எழுத்துதான். காகிதம் இருந்தால் 'கா'. நானே கண்டது 'நா'. சொல்லக் கேட்டது 'சொ', பக்கத்தில் சொன்னவர் பெயர்.

இந்தப் பத்தி இல்லாத எந்த மென்பொருளும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வாழ்க்கைக்கு ஒத்துவராது என்பது என் கட்சி. புதிய யோசனையும் அல்ல. 1765-லேயே ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர் சுமார் இரண்டாயிரம் பேரின் ஆயுளைக் கோடுகளாக வரைந்து ஒரு பெரிய தாள் அச்சிட்டார். தேதி நிச்சயமாகத் தெரிந்தால் கோடு, சந்தேகம் என்றால் புள்ளி. இருநூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதருக்குத் தெரிந்த மரியாதை, எனக்கு வண்ணக்கோடு போட்டுக்கொடுத்த இணையதளத்துக்குத் தெரியவில்லை. நாள் தெரியாது என்று காலியாக விட்டால் சிவப்பில் திட்டியது. ஏதாவது ஒன்றைப் போடு என்கிறது. அலுவலகத்தில் இப்படி ஏதாவது ஒன்றைப் போட்டவர்களுக்கு நாங்கள் மெமோ கொடுத்திருக்கிறோம்.

காகிதம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. என் சர்வீஸ் புத்தகப்படி நான் ஓய்வு பெற்றது 2011 ஜூலை 31. அது ஞாயிற்றுக்கிழமை. மாலை, சால்வை, வெள்ளித் தட்டு எல்லாம் 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. சனியும் ஞாயிறும் நான் அரசு ஊழியனாக வீட்டில் படுத்திருந்தேன். எதை எழுதுவது? இரண்டையும் எழுதினேன். ஒன்றுக்கு 'கா', ஒன்றுக்கு 'நா'.

அதே சர்வீஸ் புத்தகத்தில் 1975 மார்ச் பக்கத்தையும் புரட்டினேன். ஈட்டிய விடுப்பு பதினாறு நாள் என்று பச்சை மையில் இருக்கிறது. தற்செயல் விடுப்பாக இருந்திருந்தால் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியிருக்காது. நகராட்சி இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஏப்ரலில் அண்ணன் எழுதிய கடிதமும் இருக்கிறது, மூன்று பக்கம், பிரெஞ்சில். வர முடியாமல் போனதைப் பற்றி. அந்தக் கடிதத்தை இதற்கு முன் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. இந்தத் தடவை அட்டவணைக்கு ஆதாரமாகப் படித்தபோது, கை கொஞ்சம் கூசியது.

அண்ணன் ஏன் போனார் என்பது எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா கொடுக்கவில்லை. அண்ணனுக்கு 19 வயது, கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் சொல்தாவாகக் கப்பலேறினார். அப்பா துறைமுகத்துக்கு வரவில்லை. இது 'நா'. பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பா போனார். நடுவில் அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தார். அந்தத் தடவையும் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆக என்னிடம் மூன்று காகிதம் இருக்கிறது. அண்ணனிடம் காகிதம் எதுவும் இல்லை. கோர்ட்டுக்குப் போனால் நான்தான் ஜெயிப்பேன்.

அட்டவணை இதுவரை 212 வரி. ஒரு நாள் மாலை சும்மா எண்ணிப் பார்த்தேன். எனக்கு எட்டு வயது ஆவதற்கு முன் நடந்தவை 19 வரி. அதில் 14 வரிக்கு எதிரே 'சொ'. அந்தப் பதினாலில் பதினொன்றுக்குப் பக்கத்தில் ஒரே பெயர், அண்ணன். என் குழந்தைப் பருவம் என்று நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது, பெரும்பாலும் அவர் எனக்குச் சொன்னது. கிணற்றில் நான் விழப் போனது, பாட்டி செத்த அன்று எனக்குத் தெரியாமல் இருக்க என்னை நாடார் கடையில் உட்கார வைத்தது, எல்லாம். அவர் அப்போது தேதி கேட்டு என்னிடம் ஆதாரம் வைக்கச் சொல்லவில்லை.

போன வாரம் முதல் பக்கத்தை மட்டும் பிரெஞ்சில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லி அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். அவர் தமிழ் படிப்பதை விட்டு ரொம்ப நாள் ஆகிறது. வீடியோவில் காட்டினாள். அண்ணன் தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எங்கள் வாத்தியார் பிரம்பு ஓட்டிய மாதிரியே. 1954 நவம்பர் 1 வரியில் விரல் நின்றது. கொடி மாற்றிய நாள். எனக்கு மூன்று வயது. அப்பா தோளில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். 'நா' என்று வேறு போட்டிருந்தேன்.

"தம்பி, இது தப்பு" என்றார் தமிழில். குரல் தெளிவாக இருந்தது. "அன்னிக்கு அப்பா வீட்டை விட்டே வெளிய வரலை. நீ இருந்தது என் தோள்ல. சட்டையில ஒண்ணுக்குப் போயிட்டே."

பின்னால் அவர் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவரும் சிரித்தார். பதினொரு வயதுப் பையன் தோளில் மூன்று வயதுக் குழந்தை உட்கார முடியுமா என்று யோசித்தேன். முடியும். வரியைத் திருத்திவிட்டேன். 'நா'வை அடித்துவிட்டு 'சொ, அண்ணன்' என்று போட்டேன்.

இனி 1975 பக்கத்தைப் பிரெஞ்சில் எழுத வேண்டும். குமாஸ்தா வேலையில் ஒரு தந்திரம் உண்டு. யார் செய்தார் என்று சொல்ல விருப்பமில்லாவிட்டால் 'ஆணை பிறப்பிக்கப்பட்டது', 'கோப்பு அனுப்பப்பட்டது' என்று எழுதிவிடலாம். பிரெஞ்சில் இன்னும் வசதி, 'ஒன்' என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. நானும் இல்லை, நீயும் இல்லை, நாமாகவும் இருக்கலாம். மார்ச் 10 என்று தேதியைப் போட்டு வைத்திருக்கிறேன். ஏழாவது பத்தியில் 'கா' என்று போட்டாகிவிட்டது. அவள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறாவது பத்தி இன்னும் காலியாக இருக்கிறது.